தோழி எழுதிய கதாபாத்திரத்தை வரைந்து பரிசாகக் கொடுப்பது எப்படி

தனக்குப் பிடித்த ஒரு தொடரை வைத்து ரசிகர் கதை எழுதுகிறவர்களுக்கு எத்தனையோ பரிசு கொடுக்கலாம். ஆனால் அவர்கள் சொந்தமாக உருவாக்கிய ஒரு பாத்திரத்தை வரைந்து கொடுத்தால் அவர்கள் முகத்தில் வருகிற சந்தோஷம் வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை. காரணம் எளிது. மூலத் தொடரில் ஏற்கனவே இருக்கிற நாயகனுக்கும் வில்லனுக்கும், ஏன், நாயகன் வீட்டு நாய்க்கும்கூட எக்கச்சக்கமான படங்கள் இருக்கும். உங்கள் தோழி தன் கதைக்காகப் புதிதாகக் கொண்டுவந்த பாத்திரத்துக்கு ஒரு படம்கூட இருக்காது. அந்தப் பாத்திரம் இதுவரை வெறும் வாக்கியங்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் வரைவதுதான் அதனுடைய முதல் முகம், அதைப் பார்த்துவிட்டுக் கதையைப் படிக்கிற அத்தனை பேர் மனதிலும் இனி அந்த முகம்தான் உட்காரும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளோடு வளர்ந்த வீடுகளில் இது நன்றாகத் தெரியும்: மணியம், கோபுலு, ஜெயராஜ், மாருதி இவர்கள் வரைந்த முகங்களாகத்தான் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பாத்திரங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன.

அதனால் நான் சொல்லப்போகிற எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும். கதையைக் கவனமாகப் படித்திருக்கிறீர்கள் என்பது படத்தில் தெரியவேண்டும். கை நன்றாக ஓடுகிறவர், இப்போதுதான் பென்சில் பிடிக்கிறவர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் இரண்டாம் பட்சம். நான் இருப்பது குன்னூர், அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் நீலகிரியிலிருந்துதான் வரும். கொடைக்கானல், பூம்பாறை பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் படிக்கவேண்டும்

தேவகி என்று ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கோத்தகிரியில் இருக்கிற ஒரு அக்கா எழுதும் கதையில் வருகிறவள். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் அவளைப் பற்றி இங்கே பேசுகிறேன். எங்கள் வட்டத்தில் எல்லோரும் ஒரு துப்பறியும் தொடரின் ரசிகர்கள். அதில் வருகிற ஆய்வாளருக்கு மாற்றல் போட்டு நீலகிரிக்குக் கொண்டுவந்து அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார். தேவகி ஐம்பது தாண்டிய தோட்டத் தொழிலாளி, கொழுந்து பறிக்கிறவள், ஒரு பிணத்தை முதலில் பார்த்தவள். மூலத் தொடரில் அவள் கிடையாது, முழுக்க முழுக்க அக்காவின் ஆள்.

வரைய உட்காருவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் கதையில் இருப்பது மட்டும், எந்த அத்தியாயம் என்ற குறிப்போடு. வலது பக்கம் நீங்களாக நினைத்துக்கொண்டது. இதைச் செய்து பார்த்தால் ஒன்று தெரியும்: வலது பக்கம்தான் சீக்கிரம் நிரம்பும். தேவகிக்கு நீளமான பின்னல் என்று நான் உறுதியாக நம்பியிருப்பேன், கதையிலோ கொண்டை என்றுகூட இருக்காது, "தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு" என்று மட்டும்தான் இருக்கும். பின்னல் எங்கிருந்து வந்தது? நமக்குத் தெரிந்த யாரோ ஒருவரிடமிருந்து. அது தப்பில்லை, வலது பக்கத்தில் இருப்பதையும் வரையலாம். ஆனால் எது யாருடையது என்று தெரிந்து வரையவேண்டும்.

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முகத்தை வர்ணிக்கமாட்டார்கள், இது வரைகிறவர்களை ரொம்பக் கடுப்பேற்றும். மூக்கு எப்படி, தாடை எப்படி என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவர்கள் எழுதுவது பழக்கங்களை. காசை எங்கே முடிந்துவைப்பாள், கோபம் வந்தால் கையை என்ன செய்வாள், உட்காரச் சொன்னால் உட்காருவாளா நிற்பாளா. இடது பக்கத்தில் இவற்றைத்தான் அதிகம் சேர்க்கவேண்டும். முகம் நீங்கள் கொடுப்பது, பழக்கம் அவர்கள் கொடுத்தது. இரண்டும் ஒரே படத்தில் சேரும்போது எழுதியவர் பார்த்த உடனே "இது அவளேதான்" என்பார்.

முரண்பாடு வந்தால்? மூன்றாம் அத்தியாயத்தில் நரைத்த தலை, ஒன்பதாம் அத்தியாயத்தில் கறுத்த முடி என்று சில நேரம் இருக்கும். தொடர்ந்து மாதக்கணக்கில் எழுதுகிறவர்களுக்கு இது சகஜம், அதைச் சுட்டிக்காட்டி ஒரு செய்தி அனுப்பாதீர்கள். கடைசியாக எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது தலைத்துண்டைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

கேட்டுவிட்டு வரைவதா, சொல்லாமல் வரைவதா

பரிசு என்றால் சொல்லாமல் கொடுக்கத்தான் ஆசையாக இருக்கும். ஆனால் எல்லா எழுத்தாளருக்கும் தன் பாத்திரத்தை மற்றவர் வரைவது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சிலர் அந்தப் பாத்திரத்தை இறந்துபோன அம்மாவை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள், சிலர் தன்னையே வைத்து. ஆகவே படம் வரைகிற பேச்சே எடுக்காமல், சும்மா பேசும்போது "உங்க பாத்திரங்களை யாராவது வரைஞ்சா உங்களுக்குப் பிடிக்குமாக்கா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், வேறு பரிசு கொடுக்கலாம். சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தால் வழி திறந்துவிட்டது.

அப்புறம் தகவல் சேர்க்கிற வேலை. "தேவகி பார்க்க எப்படி இருப்பாங்க?" என்று நேராகக் கேட்காதீர்கள். கேட்டால் இரண்டு நடக்கும்: ஒன்று குட்டு உடைந்துவிடும், இன்னொன்று அவர் உடனே ஒரு நடிகையின் பெயரைச் சொல்லிவிடுவார், அதற்குப் பிறகு அந்த நடிகையின் முகத்திலிருந்து உங்கள் கை வெளியே வராது. வாசகர் கேட்கிற மாதிரி சின்னச் சின்னதாகக் கேளுங்கள். தேவகி கையால் பறிக்கிறாளா, கத்தரி வைத்தா? செருப்பா, மழைக்காலத்து பூட்ஸா? அந்த ஸ்வெட்டர் யாருடையது? இப்படிக் கேட்டால் எந்த எழுத்தாளரும் அரைமணி நேரம் பேசுவார், கதையில் வராத நாலு விஷயமும் கிடைக்கும். ஸ்வெட்டர் செத்துப்போன புருஷனுடையது, கை நீளம் என்பதால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருப்பாள் என்று அக்கா சொன்னது அப்படிக் கிடைத்ததுதான். ஒரு மடிந்த ஸ்வெட்டர் கையில் ஒரு கல்யாண வாழ்க்கையே இருக்கிறது.

உண்மையான ஒருவரின் புகைப்படத்தைக் காட்டி "இவங்களை மனசில வச்சுத்தான் எழுதினேன்" என்று சொன்னால், அந்த முகத்தை அப்படியே வரையவேண்டாம். அந்த மனிதரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. நிற்கிற விதம், உடம்பின் கனம், சேலை கட்டியிருக்கிற பாங்கு இவற்றை எடுத்துக்கொண்டு முகத்தை மாற்றிவிடுங்கள்.

ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு

தேவகிக்கு இடது காது கேட்காது. அக்கா இதை ஒரே ஒரு இடத்தில் நேராகச் சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் எல்லாம் "பேசுகிறவர் பக்கம் வலது காதைக் கொடுத்தாள்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போவார். அவசரமாகப் படிக்கிறவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுகிற விஷயம் இது. படம் முழுக்க இதன்மேல் நிற்கலாம்.

கண்ணாடி முன்னால் நின்று செய்து பாருங்கள். எதிரே இருப்பவருக்கு வலது காதைக் கொடுக்கவேண்டுமென்றால் தலை இடது பக்கம் திரும்பும், தாடை லேசாக இறங்கும், ஆனால் கண்கள் திரும்பாது. காது கேட்காதவர்கள் பேசுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் இல்லையா, அதனால் கருவிழி வலது ஓரத்துக்கு வந்து நிற்கும். கழுத்தில் காதுக்குக் கீழிருந்து நெஞ்செலும்புவரை ஓடுகிற அந்தத் தசை, வலது பக்கம், விறைத்துத் தெரியும். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். காது நன்றாகத் தெரிய வேண்டுமென்பதால் தலைத்துண்டு அந்தப் பக்கம் காதுக்குப் பின்னால் ஒதுக்கப்பட்டிருக்கும், இடது பக்கம் காதை மூடியே இருக்கும். கவனியுங்கள், துண்டு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருப்பது கதையில் எங்கேயும் இல்லை, ஆனால் கதையிலிருந்து பிறந்தது. இந்த மாதிரி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எழுதியவர் அடுத்த அத்தியாயத்தில் அதைச் சேர்த்துக்கொள்வார், பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செல்ஃபி எடுத்து அதைப் பார்த்து வரைகிறவர்கள், பல போன்களில் முன்பக்கக் கேமரா இடவலம் மாற்றித்தான் காட்டும் என்பதை மறக்கவேண்டாம். கிரிட்டா, ஐபிஸ் பெயிண்ட் மாதிரியான வரையும் செயலிகளில் படத்தைப் புரட்டிப் புரட்டிச் சரிபார்க்கிற பழக்கம் உள்ளவர்களும் கடைசியில் சரியான பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டுச் சேமியுங்கள். கேட்காத காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிற தேவகியை அனுப்பினால் மற்ற எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீண்.

பெரிய தாளில் நேராக இறங்காமல் தீப்பெட்டி அளவில் ஏழெட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் வேறு கோணம், வேறு தூரம் என்று கிறுக்கிப் பாருங்கள். முகம் வேண்டாம், உருவத்தின் சாய்வு மட்டும் போதும். கதையின் உச்சக்கட்டத்தை வரைய எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நான் அதைச் செய்யமாட்டேன். பிணத்தைப் பார்க்கிற காட்சியில் யார் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும், வாய் பிளந்து கண் விரிந்து. கொழுந்து எடை போட வரிசையில் நிற்கும்போது, டீக்கடை பெஞ்சில் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும்போது, அங்கேதான் அவள் அவளாக இருக்கிறாள். இன்னும் படிக்காத வாசகர்கள் படத்தைப் பார்த்தாலும் கதையின் முடிச்சு அவிழாது, அது கூடுதல் வசதி.

நிறம், வயசு, உடம்பு

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று நினைக்கிறேன். கதையில் கறுப்பு என்று இருந்தால் படத்தில் கறுப்பு. மாநிறமாக்கி, கன்னத்தில் ரோஸ் தடவி, மூக்கைக் கூராக்கிக் கொடுத்தால் நீங்கள் எழுத்தாளரிடம் சொல்வது "உங்கள் ஆள் இப்படி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்பதுதான். நம் பத்திரிகை ஓவியங்களிலும் சினிமா போஸ்டர்களிலும் கதாநாயகி என்றாலே வெளுத்துப்போகிற வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது, நம் கைக்கும் அது பழகிப்போயிருக்கிறது. ஐம்பது வயது என்றால் ஐம்பது. இடுப்பு பருத்தவள் என்றால் பருத்தவள். காலை இழுத்து நடக்கிறவள் என்றால் நிற்கும்போதும் எடை ஒரு காலில்தான் இருக்கும்.

கறுத்த தோலுக்கு வண்ணம் கலக்கும்போது கறுப்பைத் தொடாதீர்கள், செத்த நிறம் வரும். வாட்டர்கலரில் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் அல்ட்ராமெரின் நீலமும் சேர்த்தாலே போதும், சியன்னா கூடினால் வெயில் பட்ட இடம், நீலம் கூடினால் நிழல். மலையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதையும் யோசியுங்கள். மேகம் மூடிய நாளில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வரும், அதனால் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு இருக்காது, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழுகிற ஒளி கொஞ்சம் நீலமாக, குளிர்ச்சியாக இருக்கும். தெளிவான நாளில் நேர்மாறு: இந்த உயரத்து வெயில் சுள்ளென்று அடிக்கும், குளிரும் சேர்ந்து கன்னத்து மேட்டைக் கருக்கி, உதட்டை வெடிக்க வைத்திருக்கும். வயசைக் காட்ட முகம் முழுக்கக் கோடு கோடாக இழுக்கவேண்டாம். வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழுந்த ஓரத்துச் சுருக்கம், கழுத்து மடிப்பு, மூக்கிலிருந்து வாய்க்கு இறங்குகிற கோடு இவ்வளவே போதும்.

அப்புறம் கை. கொழுந்து பறிக்கிறவர்களின் விரலை ஒருமுறையாவது பக்கத்தில் பார்த்துவிட்டு வரையுங்கள். பச்சைத் தேயிலையின் சாறு காற்றுப் பட்டதும் கறுத்துவிடும், டீத்தூள் கறுக்கிற அதே காரணம்தான். அந்தக் கறை விரல் முழுக்கப் பூசினமாதிரி இருக்காது. கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும், ரெண்டு இலையும் மொட்டும் கிள்ளுகிற அந்த உள்பக்கத்தில்தான் அடர்த்தியாக இருக்கும். ரேகைக்குள் இறங்கி, நகத்தைச் சுற்றி ஒரு கோடாக நிற்கும், மற்ற விரல்களுக்குப் போகப் போக மங்கும். பர்ன்ட் அம்பர் என்கிற அடர்பழுப்பில் துளி நீலம் சேர்த்து, தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, உலர்ந்த தூரிகையால் ரேகையின் போக்கிலேயே தொட்டுத் தொட்டுப் போடுங்கள். தேவகி டீ கிளாஸைப் பிடித்திருக்கிற கை படத்தில் இருந்தால், பார்க்கிறவர்களுக்கு அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கூடை, மலை, தோட்டம் எதுவும் இல்லாமலே தெரிந்துவிடும்.

ஆனால் கத்தரி வைத்துப் பறிக்கிறவள் என்றால் இந்தக் கறை இப்படி இருக்காது. நீலகிரியில் பல தோட்டங்களில் இப்போது கத்தரியும் மெஷினும்தான். அதனால்தான் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

உடுப்பு, ஊர், காலம்

மலைக்காரர்களின் உடுப்பை வெளியூர் ஓவியர்கள் வரையும்போது ஒன்று சேலையை மட்டும் வரைவார்கள், இல்லாவிட்டால் காஷ்மீர் மாதிரி ஆக்கிவிடுவார்கள். நிஜத்தில் சேலைக்கு மேலே பட்டன் போட்ட ஸ்வெட்டர், முந்தானை ஸ்வெட்டருக்கு உள்ளேயோ வெளியேயோ, தலையில் துண்டு அல்லது ஸ்கார்ஃப், ஆண்களுக்குக் குரங்குக் குல்லாவும் மப்ளரும். வேலைக்குப் போகும்போது ஈரம் ஏறாமல் இருக்க இடுப்பில் படங்கை, அதாவது தார்ப்பாய் மாதிரித் தடித்த துணியை, சுற்றிக் கட்டியிருப்பார்கள். அது கனமானது, சேலை மாதிரி மடிப்பு விழாது, பலகை போல விறைத்து நிற்கும், அப்படியே வரையுங்கள்.

தோடர்களின் பூத்துக்குளிப் போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிர் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் எண்ணிப் போடுகிற அந்தப் பூவேலை பார்க்க அவ்வளவு அழகு, 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நீலகிரி என்றாலே அதை எடுத்து யார் தோளிலாவது போர்த்திவிட ஆசை வரும். பாத்திரம் தோடர் இல்லையென்றால் வேண்டாம். தோடர் என்றாலும் அலங்காரத்துக்கு நாலு முக்கோணம் என்று கற்பனையில் போடாமல் உண்மையான ஒரு துணியைப் பார்த்து வரையுங்கள். படுகர் வீட்டுப் பெரியம்மாக்களின் வெள்ளைத் துணி, தலைக்கட்டு எல்லாவற்றுக்கும் இதேதான். கட்டுகிறவர்களுக்கு அதில் ஒரு முறை இருக்கிறது, ஒரு மடிப்பு மாறினாலும் அவர்கள் கண்ணில் படும்.

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதுதான் பின்னணியைத் தீர்மானிக்கும். இதில் எத்தனையோ நல்ல படங்கள் சறுக்கியிருக்கின்றன. சரித்திரத் தொடர்களுக்கு ரசிகர் கதை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் தன் பாத்திரத்தை நீலகிரிக்கு அனுப்பினால், பின்னால் தேயிலைத் தோட்டம் வரையவே கூடாது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சலிவன் கோத்தகிரி பக்கம் வந்ததே 1819-ல்தான்; ஊட்டி ஏரி 1820-களில் உண்டாக்கியது; தேயிலையைச் சோதனையாக நட்டது 1830-களில், பெரிய தோட்டங்கள் அதற்கும் பிறகு; நாம் கற்பூர மரம் என்று சொல்கிற யூகலிப்டஸ் 1840-களில் வந்தது. ரயில் குன்னூருக்கு 1899, ஊட்டிக்கு 1908. பழனி மலைப் பக்கம் என்றால் கொடைக்கானல் ஏரி 1863. இவற்றுக்கு முந்தைய கதைக்கு வெறும் புல்மேடும், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கிற சோலைக்காடும்தான். அது இன்னும் அழகு, வரையவும் சுகம்: வழவழவென்று உருண்டு போகிற புல்வெளி, பள்ளத்தில் மட்டும் பூக்கோசு மாதிரி கொத்துக் கொத்தாகச் சோலை மரங்கள், துளிர் விடும் சமயத்தில் அதில் செம்பு நிறமும் இளஞ்சிவப்பும்.

குறிஞ்சியையும் இஷ்டத்துக்குப் பூக்க வைக்கவேண்டாம். மலை முழுக்க நீலமாகப் பூக்கிற அந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான்; கொடைக்கானல் பக்கம் 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்தது 2030. கதை 2022-ல் நடக்கிறதென்றால் மலைச்சரிவு பச்சைதான். காட்டெருமை வந்தால் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டமாதிரி இருக்கும், அதை விட்டுவிட்டால் வெறும் எருமையாகிவிடும். மழையும் அப்படித்தான்: கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும், குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்தான் பெரிய மழை. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஊட்டி, அவலாஞ்சி பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருக்கும். உள்ளூரில் இருந்து எழுதுகிறவர் இதெல்லாம் மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார்.

மூடுபனி போடுவது

பனி என்றதும் வெள்ளை வண்ணத்தை எடுத்து மேலே பூசுகிறார்கள், அது புகையாகத்தான் தெரியும். வாட்டர்கலரில் பனி என்பது வண்ணம் போடாமல் விட்ட தாள். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாளை நாலு பக்கமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டி, பின்னணி வரும் இடத்தை மட்டும் நனைத்து, தூரத்து மலையை மிக நீர்த்த நீலச்சாம்பலில் தொட்டு விடுங்கள், அடிப்பகுதி தானாகக் கரைந்துபோகட்டும். அது காய்ந்தபிறகு அதற்கு முன்னால் இருக்கிற மரவரிசை, கொஞ்சம் அடர்த்தியாக. அதன் அடியையும் வெறும் நீரால் கரைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பதற்கு மட்டும்தான் முழு அடர்த்தியும் கூரான விளிம்பும். பாத்திரத்தின் முகத்தின்மேல் பனி வேண்டாம்.

மலையில் இதற்கு ஒரு தொல்லை உண்டு, ஈரக்காற்றில் தாள் லேசில் காயாது. மேல்தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும், அடுத்த அடுக்கைப் போட்டதும் கீழிருப்பது கலங்கி வந்துவிடும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம். காலை பதினொன்றிலிருந்து மதியம் மூன்றுக்குள் வண்ண வேலையை வைத்துக்கொள்வது நல்லது, அவசரமென்றால் ஹேர் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டலாம்.

டிஜிட்டலில் வரைகிறவர்களுக்கு இந்தக் கஷ்டமில்லை, ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு லேயர், பின்னால் போகப் போக நிறத்தை வெளிறவைத்தால் போதும். ஏ4 அளவில் 300 டிபிஐ, அதாவது 2480-க்கு 3508 பிக்சல் வைத்து ஆரம்பித்தால் அவர்கள் பின்னால் அச்சுப்போட நினைத்தாலும் தாங்கும்.

நாயகனை எங்கே வைப்பது

மூலத் தொடரின் நாயகனையும் சேர்த்து வரைந்தால் எழுத்தாளர் இன்னும் சந்தோஷப்படுவார் என்று தோன்றும். படுவார்தான். ஆனால் பார்க்கிற கண் தெரிந்த முகத்துக்குத்தான் முதலில் போகும், நம் ஆள் பக்கத்தில் நிற்கிற துணைப் பாத்திரமாகிவிடுவாள். ஆய்வாளர் வேண்டுமென்றால் முதுகைக் காட்டி நிற்கட்டும், அல்லது அவருடைய குடையின் ஓரமும் பூட்ஸும் மட்டும் சட்டத்துக்குள் வரட்டும். ரசிகர்களுக்கு அதுவே போதும், யாரென்று தெரியும்.

பெயர் போடுவதும் கொடுப்பதும்

படத்தின் ஓரத்தில் பாத்திரத்தின் பெயர், கதையின் பெயர், "பாத்திரம்" என்று போட்டு எழுத்தாளரின் புனைபெயர், "ஓவியம்" என்று போட்டு உங்கள் பெயர். புனைபெயரில் எழுதுகிறவரின் சொந்தப் பெயரை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள், வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவர்கள் உண்டு. படம் உங்களுடையது, தேவகி அக்காவுடையவள். அதனால் அவர் சம்மதமில்லாமல் அதை அச்சடித்து விற்பதோ வேறு கதைக்கு அட்டைப்படமாகக் கொடுப்பதோ கிடையாது. அவர் கதையைப் படம் உருவாக்குகிற செயலியில் போட்டு எடுத்து நீட்டுகிற வேலையும் வேண்டாம், கேட்காமல் ஒருவர் எழுத்தை அப்படிக் கொண்டுபோய்க் கொட்டக்கூடாது.

முதலில் அவர் பார்க்கவேண்டும், தனியாக. மற்றவர்களுக்குக் காட்டுவதா வேண்டாமா, எப்போது என்பதை அவர் சொல்லட்டும். படத்தோடு நாலு வரி எழுதுங்கள், எந்த அத்தியாயத்தில் எந்த வரியைப் படித்து இதை வரைந்தீர்கள் என்று. இந்த நாலு வரிக்காகவே படத்தைப் பத்திரப்படுத்துவார்கள். "மூக்கு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி நெனச்சிருந்தேன்" என்று சொன்னால் டிஜிட்டல் படத்தில் மாற்றிக் கொடுத்துவிடுங்கள், தாளில் என்றால் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்கு மூக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு உங்கள் பாத்திரத்தை அவர் வரையவேண்டும், கதை எழுதவேண்டும் என்று எதிர்பார்க்கிறமாதிரி ஒரு வார்த்தை வந்துவிடக்கூடாது.

தபாலில் அனுப்புவதென்றால் ஏ5 அளவு, 148-க்கு 210 மில்லிமீட்டர், சௌகரியம். மேலே பட்டர் பேப்பர், இரண்டு பக்கமும் அட்டை, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை ஒட்டி, பிறகுதான் கவர். மேலே "மடக்கவேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள். அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து மலைப்பாதை அடைத்துக்கொள்ளும், பிறந்தநாளுக்குக் குறித்து அனுப்புகிறவர்கள் ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். குன்னூர், கோத்தகிரி மாதிரி பக்கத்து ஊர் என்றால் பஸ் ஏறிக் கையிலேயே கொடுத்துவிடலாம்.

கடைசியாக, வாங்கியவருக்கும் சொல்லிவிடுங்கள்: கண்ணாடி தாளைத் தொடாமல் நடுவில் இடைவெளி விட்டு ஃபிரேம் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இந்த ஊர் ஈரத்துக்குத் தாள் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்துவிடும். மழை சாரல் அடிக்கிற பக்கத்துச் சுவரில் மாட்டவேண்டாம். அடுப்படியை ஒட்டிய உள்சுவர் எப்போதும் காய்ந்திருக்கும், ஆனால் புகை படும். படுக்கையறை உள்சுவர்தான் சரி. ஃபிரேம் போடாமல் கோப்பில் வைத்திருந்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, வெயில் அடிக்கிற நாளில் எடுத்து நிழலில் கொஞ்ச நேரம் காற்றாட வைத்தால் போதும்.